திமிலுக்குள் ஒரு குரல்

வயர்லெஸ்காரருக்குக் காது பெரிது, வாய் சிறிது என்பார்கள் டாக்ஸி ஓட்டுநர்கள். டாக்ஸி கம்பெனிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. வண்டியில் வயர்லெஸ் கரகரத்தால் அங்கேதான் கொண்டு வருவார்கள். பிரிப்பார், துடைப்பார், பற்றவைப்பார், "ம்" என்று திருப்பிக் கொடுப்பார். அந்த "ம்"முக்கு மேல் யாரும் அவர் வாயைப் பிடுங்கியதில்லை.

"அண்ணே, நீங்க கல்யாணத்துக்கு எப்படிண்ணே கேட்டீங்க? சைகையிலயா?" என்று கேட்டார் சொட்டை. வழுக்கைத் தலை ஓட்டுநர்; வாய்க்குப் பூட்டே கிடையாது.

"ம்."

இரண்டு கையும் எப்போதும் வேலையில் இருப்பதால், தன் மேசை வயர்லெஸின் பேசும் ஸ்விட்சை மேசைக்கு அடியில் கால்பெடலாக மாற்றி வைத்திருந்தார். மிதித்தால் இவர் பேசுவது மறுமுனையில் கேட்கும். காலை எடுத்தால் அங்கே பேசுவது இங்கே கேட்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

அந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டையும் ஏழு வயது மகளையும் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்திருந்தாள். அம்மா எப்போது வருவாள் என்று மகள் காலையில் ஒரு தரம், விளக்கு வைத்தபின் ஒரு தரம் கேட்பாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் இவரிடம் சொல்லியாகிவிட்டது. மனைவியிடம், "சரியாயிடும்" என்றார். மகளிடம் அதையும் சொல்ல வரவில்லை. கிறிஸ்துமஸ் மட்டும் குழந்தைக்கு முழுசாகக் கழியட்டும் என்று நினைத்தார்.

பதில் சொல்லத் தெரியாதவர் ஒட்டகம் செய்தார்.

அவளுடைய பழைய துணி ஒட்டகம்தான். திமிலைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, சின்ன வயர்லெஸ் பெட்டி ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தார். கழுத்து நெடுக ஏரியல் கம்பி. வயிற்றில் ஒரு பொத்தான். அதை அமுக்கிக்கொண்டு அவள் பேசினால் பட்டறையில் கேட்கும்; பட்டறையில் இவர் பெடலை மிதித்துப் பேசினால் ஒட்டகம் பேசும். கடைத்தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கிய அன்று ஒட்டகம் முதல்முறையாக வாய் திறந்தது.

"யாரும்மா அது, என்னைத் தலைகீழா படுக்க வெச்சது?"

மகள் கத்திய கத்தலில் அத்தை கரண்டியோடு ஓடி வந்தாள்.

பட்டறையில் வயர்லெஸ்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் பேசாததையெல்லாம் அந்த மூக்குக் குரலில் பேசினார். ஒட்டகத்துக்கு 'துரை' என்று மகள் பெயர் வைத்தாள். துரைக்குப் பாலைவனம் தெரியும், எல்லா ஊருக்கும் வழி தெரியும். பால் குடிக்காத பிள்ளைகளைத் துரைக்குப் பிடிக்காது. மகள் ஒரே மூச்சில் பால் குடித்தாள். கதவிடுக்கில் பார்த்த சொட்டை சிரிக்கவில்லை, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மத்தியானம் அக்கா பட்டறைக்கு வந்தாள். மகள் தூங்குகிறாள் என்றாள். அவர் ஏதோ யோசனையில் இருந்தார். யோசனை வந்தால் கால் தானாகப் பெடலில் போய் உட்காரும். அவருடைய பழக்கம் அது.

"டாக்டர் என்னடா சொல்றாரு? எங்கிட்டயாவது சொல்லித் தொலையேன்."

"பிழைக்க மாட்டாளாம்க்கா."

"ஐயோ."

"புது வருஷம் தாண்டறதே சந்தேகமாம்."

அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் ஏதோ வாங்க வேண்டுமென்று கிளம்பிப் போனாள். அவள் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

ஸ்பீக்கரில் தெருச் சத்தம். வண்டிகள். நடுவே மகளின் மூச்சு.

"துரை, நேரா போகணுமா, திரும்பணுமா? ஏன் பேச மாட்டேங்கறே? உனக்கு எல்லா வழியும் தெரியும்னு சொன்னே இல்ல? அம்மாகிட்ட கூட்டிட்டுப் போ."

தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டாள். சொன்னது அத்தனையும் அவள் கையிலிருந்த ஒட்டகம் ஒப்பித்திருக்கிறது. மூக்கைப் பிடித்தார். மிதித்தார்.

"நான்தான் துரை. எங்க இருக்கே?"

காலை எடுத்தார். இரைச்சல். குரல் தேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தெரு தாண்டினால் அந்தச் சின்னப் பெட்டிக்கு எட்டாது என்று அவருக்குத் தெரியும். செய்தவரே அவர்தானே.

"பெரிய மரத்துல பஞ்சு ஒட்டி வெச்சிருக்காங்களே, அந்தக் கடை."

"அங்கேயே நில்லு. நகராதே."

"மாட்டேன். நீ அப்பா மாதிரியும் அத்தை மாதிரியும் பேசிக் காட்டினியே, அது சும்மா விளையாட்டுதானே? பொய்னு சொல்லு, நிக்கறேன்."

ஒரு சொல் போதும். பொய் என்றால் நிற்பாள். வண்டிகள் ஓடும் தெருவில் பத்திரமாக நிற்பாள், நாளைக்குக் கிறிஸ்துமஸும் கெடாது. பெடல் மேல் கால் இருந்தது. மிதிக்க வரவில்லை.

பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்தார். மிதித்தார்.

"குட்டி, அப்பா பேசறேன். பொய் இல்லம்மா. நீ அங்கேயே நில்லு. நான் வந்து உன்னை அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

காலை எடுத்தார். வெறும் இரைச்சல். கேட்டாளா, அதற்குள் எட்டாத இடத்துக்குப் போய்விட்டாளா, தெரியவில்லை.

டாக்ஸி வயர்லெஸை எடுத்தார். "எல்லா வண்டிக்கும். கடைத்தெருவுல என் பொண்ணு தனியா இருக்கா. சிவப்பு ஸ்வெட்டர். கையில ஒட்டகம்."

"கையில என்னது?" என்றது ஒரு வண்டி.

"ஒட்டகம்டா! ஒட்டகம்! காது செவிடா?"

அவர் கத்தி ஓட்டுநர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. கம்பெனி கேட்டில் வண்டியோடு நின்ற சொட்டை கதவைத் திறந்து, "ஏறுங்கண்ணே" என்றார்.

அந்தக் கடை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஒட்டகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. போகிற வருகிறவர்கள் இடித்துவிட்டுப் போனார்கள். அவர் ரோட்டிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"நீ எப்பப்பா துரைக்குள்ள போனே?"

"மொதல்லேர்ந்தே உள்ளதான் இருந்தேன்."

அவள் யோசித்தாள். "பாலைவனத்துக்கும் நீதான் போனியா?"

"ம்."

"இருட்டா இருந்துச்சா உள்ள?"

"ரொம்ப."

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நர்ஸ் கையை நீட்டி மறித்தாள். "குழந்தைங்களை விட மாட்டோம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா," என்றார் வயர்லெஸ்காரர். நின்றார். நர்ஸ் அவரைப் பார்த்தாள், ஒட்டகத்தைப் பார்த்தாள். "நான் மருந்து எடுக்கப் போறேன். நான் யாரையும் பார்க்கல," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மனைவி தலையணையில் சாய்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் முதலில் அவள் காலைத்தான் பார்த்தாள். "ஒரு கால்ல பச்சை சாக்ஸ், இன்னொரு கால்ல நீலமா? உங்கப்பா கண்ணை எங்க அடகு வெச்சாரு?"

மகள் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நீ செத்துப் போயிடுவியா?"

வயர்லெஸ்காரர் தரையைப் பார்த்தார். "சரியாயிடும்" என்று அவர் தினமும் சொல்லிவந்த அறை அது.

"ஆமாடி கண்ணு," என்றாள் மனைவி. "எனக்கு எப்பவோ தெரியும். உங்கப்பா தாங்க மாட்டாரேன்னுதான் சொல்லாம இருந்தேன்."

அவர் நிமிர்ந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வாரமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துவந்தது ஒரே விஷயம்.

"இங்க வாங்க," என்றாள் மனைவி, போர்வையை ஒதுக்கி மகளுக்கு இடம் விட்டபடி. "அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. இனிமேலாவது பேசுவோம்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பேசினார்.