பதினாறாம் நம்பர் சீட்டு

ரஹ்மத் பீவியைப் போல வேலை பார்க்க ராஜபாளையத்தில் ஆளில்லை என்று பேண்டேஜ் கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன? வயிற்றில் புளியைக் கரைப்பது அவளுக்கல்லவா!

1984-இல் புருஷனை இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றபோதுதான் பேக்கிங்கில் சேர்ந்தாள். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு ரோல். அடுக்கியவளின் நம்பர் போட்ட சீட்டை உள்ளே வைத்துப் பெட்டியைப் பசைத்தாளால் ஒட்ட வேண்டும். முதல் மாதமே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. உள்ளே பதினொன்றுதான் இருந்தது. சீட்டில் பதினாறு, அதாவது ரஹ்மத். யாரும் திட்டவில்லை. அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டினார்கள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் மூன்று தரம் எண்ணினாள். அதற்கு நேரம் வேண்டுமே. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாள். டீ மணி அடித்தால் எழுந்திருக்க மாட்டாள். டீ ஆறி ஆடை படிந்துவிடும். அடுத்த எட்டு வருஷமும் அவள் பெட்டிகள்தான் கூடுதல். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

முதலாளி கூப்பிட்டார். "அடுத்த மாசம் பேக்கிங்குக்கு நீதாம்மா இன்சார்ஜ். லாரி நேரத்துக்குக் கிளம்புச்சுன்னா வேலைய பெர்மனென்ட் பண்ணிருதேன்."

வந்தது வினை. இருபது பெண்கள் ஒட்டிய பெட்டிகளையும் பிரித்து எண்ண ஆரம்பித்தாள். நாலு மணி லாரி ஐந்தரைக்குப் போனது. மறுநாள் ஆறு. "நாளைக்கும் லாரி நின்னா வேற ஆளத்தான் பாக்கணும்," என்றார் முதலாளி.

பக்கத்து மேஜை கிருபாபாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி, எட்டு வருசமா ஒண்ணா இருக்கோம். எங்கள நம்பலையா நீ?"

ரஹ்மத் அழுதேவிட்டாள். "ஒங்கள நம்பாம இல்லக்கா. என் கையவே நான் நம்புறதில்ல."

கிருபாபாய் தன் மேஜைக்குப் போனாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி ஏதோ செய்தாள். ஆறு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். "பிரிக்காத. தூக்கி மட்டும் வையி."

ரஹ்மத் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். நான்காவதைத் தூக்கியதும் நின்றாள். "இதுல ஒண்ணு கொறையுதுக்கா."

பிரித்தார்கள். பதினொன்று.

"நான்தான் எடுத்தேன்," என்று கிருபாபாய் மடியிலிருந்து ரோலை எடுத்துக் காட்டினாள். "கைய நம்பலைன்னு இப்ப சொல்லு பாப்போம்! அம்புட்டையும் எண்ணி எண்ணி அதுக்குத் தெரியாதாக்கும்?"

ரஹ்மத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருஷப் பயம் அவளைத் தின்றது உண்மை. சும்மா தின்னவில்லை, கைக்குப் பன்னிரண்டு ரோலின் கனத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டும் போயிருக்கிறது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் பெட்டிகளை ஒருதரம் தூக்கினாள், லாரிக்குக் கொடுத்தாள். இரண்டைத் தள்ளி வைத்தாள். பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒவ்வொன்று குறைந்தது. லாரி மூன்றேமுக்காலுக்குக் கிளம்பியது.

டீ மணி அடித்தது.

"இன்னும் வயித்தக் கலக்குதுக்கா," என்றாள்.

"கலக்கட்டும். அது பாட்டுக்குக் கலக்கட்டும். நீ வந்து குடி."

முதல் மடக்கிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டாள். கம்பெனி டீ இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.