மூஞ்சி பார்த்துச் சொன்ன வண்டி

மாதனூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில் ஒரு ஜன்னலோர சீட்டு பக்தவச்சலத்துக்குத்தான். ஹைவேயில் எதிரே பழைய கார் வந்தால் போதும், "அண்ணா, இது இன்னா வண்டி?" என்று பஸ்ஸே கத்தும். "பியட்டு, அறுபத்தாறு மாடல்" என்று மனுஷன் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். அவருக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள்தான், அது வேறு விஷயம்.

கூட வேலை பார்க்கும் கௌசர் ஒருநாள் அவரிடம் வந்தாள். செத்துப்போன அவள் அப்பாவின் கார் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு அங்கே ரூம் கட்டணும் என்று தம்பி ஒவைஸ் ஒற்றைக்காலில் நின்றான்.

"அபூர்வமான வண்டினு நீங்க சொன்னா வெச்சிக்குவோம்ண்ணா. இல்லனா பழைய இரும்புக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை போனார். பிஸ்தா பச்சை வண்டி. அதன் பின்பாதியை விறகும் தகரமும் மூடியிருந்தன. "எடுக்கட்டுமாண்ணா?" என்றான் ஒவைஸ். வேண்டாம் என்று கையமர்த்தினாரே, அங்கேதான் சனியன் பிடித்தது!

"எனக்கு மூஞ்சி போதும்பா. அம்பாசிடரு, எழுபத்தெட்டு. ஊரெல்லாம் கெடக்குது."

முப்பது வருஷமாக பஸ் ஜன்னலில் எதிரே வரும் மூஞ்சிகளை மட்டுமே பார்த்த திமிர், வேறென்ன.

பத்து நாள் கழித்து, டிராஃபிக்கில் நின்ற பஸ்ஸுக்குப் பக்கத்தில் இரும்பு லாரி ஒன்று வந்து நின்றது. மேலே பாதியாக அறுத்த ஒரு பிஸ்தா பச்சைக் கார், பின்பக்கம் தெரிய. "அண்ணா, சொல்லுங்க!" என்று பஸ் கத்தியது. அவர் பார்த்தார். அம்பாசிடருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மேடு எழும்பியிருக்கும். இது உருண்டையாக இறங்கியது. ஐயோ, லேண்ட்மாஸ்டர்! ஐம்பதுகளின் வண்டி, இப்போது தேடினாலும் கிடைக்காது. கௌசர் வீட்டில் பார்த்த அதே பச்சை. எவனோ மெக்கானிக் அதற்கு அம்பாசிடர் முன்மூஞ்சியை மட்டும் மாற்றி மாட்டியிருக்கிறான்.

"எங்க அப்பா வண்டி அது!" முன்சீட்டிலிருந்து கௌசர் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "அம்பாசிடர்தான். அண்ணனே வீட்டுக்கு வந்து பாத்து சொன்னாரு. இல்லனா குடுத்திருப்பனா?"

உண்மையைச் சொன்னால் பாவம், அவள் தாங்கமாட்டாள் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். பயந்தது தன் பேருக்காக என்று அவருக்கே தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆமா, அம்பாசிடர்தான்," என்றார்.

மறுநாள் பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி. ஜன்னலோர சீட்டில் துப்பட்டாவைப் போட்டு கௌசர் அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். "வாங்கண்ணா, ஒக்காருங்க."

ஆம்பூர் வரைக்கும் அவர் நின்றுகொண்டே போனார்.