போட்டோவில் பார்த்த கோழி

"கடல் கடந்தும் கலங்காத நெஞ்சம், எச்சோதனையிலும் வாடாத புன்னகை, குடும்பம் எனும் கப்பலுக்குக் கரைகாட்டிய கலங்கரை விளக்கம். நாட்டின் நவீன வீராங்கனை லுடிவினா யுமுல் அவர்களின் தாய்மண் திரும்பலைப் போற்றி, நன்றியுள்ள நகரம் வழங்கும் சான்றிதழ்."

வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்களைப் பாராட்டும் விழாவில், குவாகுவா நகரத்தின் கூடைப்பந்து மைதானத்தில், மழைக்குப் போட்ட தகரக் கூரையின் கீழே இதை வாசித்தார்கள். அவளுக்கு முன்னால் நின்றவர் கத்தாரில் குழாய் பொருத்தியவர். அவருக்கும் அதே வாடாத புன்னகைதான். போட்டோக்காரன் இரண்டு தடவை சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, போதும் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

கலங்கரை விளக்கம் என்பது கரையில் இருப்பது. லுடிவினா இருந்தது சவூதியில், தம்மாமில், ஹூதா மேடம் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில். ரிசலின் என்ற மகள் பள்ளிக்கூடத்தில் கால் வைக்குமுன் போனவள், அவள் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு திரும்பியிருக்கிறாள். ஹூதா மேடம் நல்ல மனுஷி. கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் ஊர் திரும்புவது சுலபமாக இருந்திருக்கும்.

கணவன் டல்மாசியோ சான்றிதழைச் சட்டம் போட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினான். அங்கேதான் ஆணி இருந்தது.

ஆக, வீராங்கனை வீடு வந்து சேர்ந்தாள். விடியுமுன் எழுந்து, தலைவாரி, சமையலறைச் சுவரோரமாக நிற்பாள். யாராவது வந்து ஏதாவது சொல்லும்வரை நிற்பாள். ஃபிரிட்ஜைத் திறக்கும் முன்பு "எடுக்கலாமா?" என்று கேட்பாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றபடியே சாப்பிடுவாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள், கட்டளைக்குப் பணிந்த மாதிரி. கல்யாணமான புதிதில் இதே டல்மாசியோ மீது கரண்டியை வீசி அடித்தவள் இவள்தான். அவன் புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

வருத்தம் என்று ஒன்றுமில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினால், தரை இருக்கிறது என்று தெரியும், தொடுவது தெரியாது. வீடு அவளுக்கு அப்படி இருந்தது. தம்மாமும் இப்போது அப்படித்தான் என்பது வேறு விஷயம். அதனால்தான் ஹூதா மேடம் பயணச்சீட்டு அனுப்பியபோது அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை விமானம். "பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள். வருவதானால் வா, வராவிட்டால் சொல்லிவிடு, கோபமில்லை" என்று எழுதியிருந்தாள். போவதா இருப்பதா என்று யோசிக்க உட்கார்ந்தால் லுடிவினாவுக்குத் தூக்கம் வந்தது. கொண்டுவந்த பெட்டி கதவுக்குப் பின்னால் பிரிக்கப்படாமலே நின்றது.

டல்மாசியோவிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றான். மரியாதையான பதில்தான். ஆனால் மரியாதை என்பது விருந்தாளிக்குக் கொடுப்பது. இருவருக்கும் அது தெரிந்திருந்தது, இருவரும் சொல்லவில்லை.

அவன் சொல்லாததையெல்லாம் கோழியில் காட்டினான். தினம் காலையில் கோழித் தொசினோ. இந்த ஊரில் தொசினோ என்றால் பன்றிதான், அதைச் சர்க்கரையிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சிவக்க வறுத்து, பூண்டுச் சோற்றோடும் முட்டையோடும் காலையில் சாப்பிடாத வீடு கிடையாது. டல்மாசியோ மட்டும் கோழி நெஞ்சுக் கறியை வாங்கிவந்து, தடிதடியாக நறுக்கி, உப்பு, சர்க்கரை, அன்னாசிச் சாறு, நிறத்துக்கு வாழைப்பழக் கெட்சப் எல்லாம் போட்டுப் பிசைந்து ஒரு ராத்திரி வைப்பான். காலையில் வாணலியில் கொட்டித் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுவான். தண்ணீர் வற்றுவதற்குள் கறி நாராகிவிடும், வற்றியதும் சர்க்கரை கரிந்துவிடும். வெளியே கரி, உள்ளே பஞ்சு. லுடிவினா நின்றபடி அதைத் தின்பாள். "நல்லா இருக்கா?" என்பான். "இருக்கு" என்பாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் அக்கா கொன்சிங், சந்தைக்குப் போகும் வழியில் உள்ளே நுழைந்தாள். சந்தையில் பன்றித் தொசினோ விற்பவள் அவள். தம்பி வீட்டுக் கோழி அவளுக்குத் தொழில் ரீதியான அவமானம்.

"ஏண்டா, இன்னிக்கும் கோழிதானா? அப்பா பன்னி வித்துத்தான் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாரு. இதைப் பார்த்தா சவப்பெட்டியைத் தட்டிக்கிட்டு எழுந்து வருவாரு."

"வரட்டும். அவருக்கும் ஒரு தட்டு வைக்கிறேன். நீ உட்காரு."

"இதுக்குப் பேரு தொசினோவா? கோழிக்கு உதட்டுச்சாயம் பூசி வச்சிருக்க."

"லுடிக்கு இதுதான் பிடிக்கும். அவ வயிறு பன்னியை மறந்து எத்தனை வருஷமாச்சு."

"அவ வயித்தைக் கேட்டியா?"

"என்னத்தைக் கேக்கறது? வாராவாரம் போட்டோ அனுப்பினாளே. செவப்பா, பளபளன்னு, தட்டு நிறைய. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் செய்யவே கத்துக்கிட்டேன்."

லுடிவினா சுவரோரம் நின்றிருந்தாள். அந்தப் போட்டோக்கள் அவளுக்கு நினைவிருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேடத்தின் பிள்ளைகளுக்காகச் செய்தது. அந்த வீட்டில் பன்றி கூடாது என்பதால் கோழியில் செய்து பார்த்தாள், சிவப்புக்கு பீட்ரூட் சாறு. பிள்ளைகள் வேறெதையும் தொட மறுத்தார்கள். டல்மாசியோ இத்தனை நாளாக அன்போடு அவளுக்குப் பரிமாறியது அவளுடைய வேலையைத்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

இரவு வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த ரிசலின், பையைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"அப்பா, அந்தப் போட்டோல அம்மா எங்கப்பா சாப்பிட்டாங்க? அந்தப் பசங்கதான் சாப்பிட்டாங்க."

"எல்லாரும்தான் சாப்பிட்டிருப்பாங்க."

"ஒண்ணுலகூட அம்மா கிடையாது. அவங்கதானே எடுத்தாங்க." தட்டில் இருந்த கரித்துண்டை முள்கரண்டியால் புரட்டினாள். "நமக்குப் போட்டோ மட்டும் வந்துச்சு. ருசி அங்கேயே நின்னுடுச்சு."

இது அழவேண்டிய இடம் என்று லுடிவினாவுக்குத் தெரிந்தது. காத்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை. வாணலி மட்டும் கண்ணில் பட்டது.

"நெஞ்சுக் கறி வாங்காத" என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"தொடை வாங்கணும், தோலோட. நெஞ்சுல கொழுப்பு இல்ல, தண்ணி வத்தினதும் எதுல வறுபடும்? இவ்வளவு தண்ணியும் வேணாம். அதோட ஒரு ராத்திரி போதாது. ஒரு ராத்திரில நிறம்தான் பிடிக்கும். மூணு ராத்திரி ஊறினாத்தான் ருசி பிடிக்கும்."

டல்மாசியோவின் முகம் வாணலியில் இருந்ததைவிடச் சிவந்தது. "இத்தனை நாளா நல்லா இருக்குன்னு தின்னியே?"

"இருக்குன்னேன். நல்லா இருக்குன்னு நீதான் சொன்ன."

"வாயில என்ன கொழுக்கட்டையா? அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சமையக்காரங்களைக் குறை சொல்லிப் பழக்கமில்ல."

"நான் சமையக்காரனா?"

"அப்ப நான் யாரு?"

அவன் "உன் இஷ்டம்" என்று சொல்ல வந்தான் போலிருக்கிறது. சொல்லவில்லை. "நீ யாருன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றான். "வந்த நாள்லேருந்து சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிற. ஃபிரிட்ஜைத் திறக்க என்கிட்ட அனுமதி கேக்குற. அந்த ஃபிரிட்ஜ் நீ வாங்கினதுடீ."

"ரெண்டு பேரும் சத்தத்தைக் குறைங்க" என்றாள் கொன்சிங், நாற்காலியை இன்னும் வசதியாக இழுத்துப் போட்டுக்கொண்டு. "பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாதிதான் கேக்கும், மீதியை என்கிட்ட வந்து கேட்டுத் தொலைப்பா."

லுடிவினா அவள் கூடையைப் பார்த்தாள். "அக்கா, அந்தப் பொட்டலத்துல ஒண்ணு இங்க வை."

"எதுக்கு?"

"எனக்கு."

கொன்சிங் வெற்றியை மறைக்கும் பழக்கம் இல்லாதவள். தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டே பொட்டலத்தை வைத்தாள். லுடிவினா கரிந்த வாணலியைத் தேய்த்துக் கழுவி, பன்றித் துண்டுகளைப் பரப்பி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் வற்ற, கொழுப்பு தானே இறங்கியது. தட்டில் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து தின்றாள். தம்மாமில் இதை எத்தனை தடவை நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். இனிப்பாக இருந்தது, கொழுப்பாக இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் புளிப்பு. அவ்வளவுதான். உலகம் ஒன்றும் திரும்பி வந்துவிடவில்லை.

"எப்படி?" என்றாள் கொன்சிங்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

"பாருடா, வாய் வந்ததும் என்மேலதான் பாயுது" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கோபித்த மாதிரி போனாலும், வழியில் யாரிடமோ சிரித்துப் பேசுவது உள்ளே கேட்டது.

டல்மாசியோ கொல்லைப்பக்கம் போய் ஒன்றுக்கும் அவசியமில்லாத ஏதோ ஒரு பலகையில் ஆணி அடிக்க ஆரம்பித்தான். மேசைமேல் தொலைபேசி அதிர்ந்தது. ஹூதா மேடம். நாளைக்குப் புறப்படுகிறாயா, விமான நிலையத்துக்கு டிரைவரை அனுப்ப வேண்டும், இன்று சொல் என்று எழுதியிருந்தாள். ரிசலினின் கண் ஒருமுறை திரையில் பட்டு விலகியது. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள், ஆனால் அறைக்கதவைச் சாத்தவில்லை.

லுடிவினா திரையைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் ஆணியடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சான்றிதழில் இருந்த தன் பெயரை ஒருமுறை வாசித்தாள், யாரோ தெரிந்தவள் பெயரைப் போல. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

திரும்பி வந்து, கோழித்தொடைகளைத் தோலோடு மெல்லியதாக அரிந்தாள். உப்பும் சர்க்கரையும் தூவி, விரல் ஒட்டும்வரை பிசைந்தாள். பூண்டு நசுக்கிப் போட்டு, அன்னாசிச் சாறும் பீட்ரூட் சாறும் ஊற்றினாள். மூடியுள்ள பாத்திரத்தில் அழுத்தி நிரப்பினாள். யாரையும் கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து அடித்தட்டில் வைத்துச் சாத்தினாள். அது திங்கட்கிழமை காலைக்குத்தான் பதமாகும். மேடத்துக்கு, வரவில்லை என்று எழுதினாள்.