மணம் பார்த்தவர் பெயர்

ஓசூர் தொழிற்பேட்டையில் வாசனை ரசாயனம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பொற்கொடிக்கு மூக்குதான் வேலை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் ஊதுபத்திக்கும் போகிற ஒவ்வொரு ரசாயனத்திலும் ஒரு காகிதப் பட்டையை நனைப்பாள். உடனே ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை முகர்ந்து பார்த்து, என்ன மணம் என்று ஒரு தாளில் எழுதுவாள். பம்பாயிலும் வெளிநாட்டிலும் செண்டு கலக்குகிறவர்கள் அந்தத் தாளைப் படித்துத்தான் சரக்குக் கேட்பார்கள். தாளின் கடைசி வரி "மணம் பார்த்தவர்". அங்கே அவள் பெயர் இருக்காது. அவளுடைய மேலதிகாரி சௌந்தரராஜன் பெயர் இருக்கும்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு மத்திகிரிக்கு வந்தவள் பொற்கொடி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. புருஷனுக்கு பைக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மூக்குக்காக அவள் விட்டது கொஞ்சநஞ்சமில்லை. சுற்றிலும் ரோஜாத் தோட்டமாக இருக்கிற ஊரில் அவள் தலையில் ஒரு பூ கிடையாது. பவுடர் கிடையாது, குழம்பில் பூண்டு கிடையாது. வீட்டுக்காரம்மா மங்கம்மா ஒருநாள் குழாயடியில் நாலு பேர் காதில் விழும்படி, "கட்டுனவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப பூ வெக்காத பொம்பளைய இப்பத்தான் பாக்கறன்" என்றாள். பொற்கொடி குடத்தை ணங்கென்று வைத்தாள்.

அவள் எழுதியதைப் படித்தால் மணம் மூக்கில் ஏறும். "ரோஜா இல்லை, ரோஜா மாலை கட்டின ஈர வாழைநார்" என்று ஒன்றுக்கு எழுதினாள். "கொய்யாக்காய். மறுநாள் லேசாக மண்ணெண்ணெய்" என்று இன்னொன்றுக்கு. சௌந்தரராஜன் அதை இங்கிலீஷில் மாற்றுவார். முதல் வருஷம் தாளின் கீழே இரண்டு பேர் பெயரும் இருந்தது. 2005 மழைக்காலத்தில் அவர் தளி ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். மண்டையில் தையலோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு வந்த தாள்களில் அவர் பெயர் மட்டும்தான்.

காரணம் அவளுக்கு இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். சாம்பார் சாதம் ஊசிப்போய் நூல் விட்டிருந்தது. மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவளுக்குக் குமட்டியது. அவர் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். மண்டையில் பட்ட அடியில் மூக்கு செத்துப்போயிருக்கிறது. அப்படியும் பட்டையை மூக்குக்குக் கீழே ஆட்டி, கண்ணை மூடி, "ம்ம்" என்று தலையசைப்பதை அவர் விடவில்லை.

ஐயோ பாவம் என்று அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவருக்கு உதவட்டும் என்று முன்னைவிட விளக்கமாக எழுதிக் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த வடிகட்டின முட்டாள்தனம் அதுதான். தன் பெயருக்குப் பக்கத்தில் மூக்குள்ளவள் பெயர் இருந்தால், நாளைக்கு யாராவது அவளைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவார்கள் என்று அந்த மனுஷனுக்குப் பயம். அதனால்தான் தாளில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

2007இல் முதலாளி கங்கப்பன் எல்லாத் தாள்களையும் சேர்த்துப் புத்தகமாக அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். நானூற்றுப் பதிமூன்று ரசாயனம். நானூற்றுப் பன்னிரண்டு முடிந்திருந்தது. பொற்கொடி சௌந்தரராஜன் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், புக்குல எம் பேரும் வரணும். முந்தி மாதிரி ரெண்டு பேருன்னு போடுங்க."

அவர் நிமிரவில்லை. "எழுதினது நான். நீ மோந்து பார்த்த, அவ்வளவுதான். நாய்கூடத்தான் நல்லா மோப்பம் பிடிக்குது. அதோட பேரையும் போடச் சொல்றியா?"

அவள் நேரே முதலாளியிடம் போனாள். "அதெல்லாம் சாருகிட்ட பேசிக்கம்மா" என்று அவர் போனை எடுத்துக்கொண்டார்.

அந்த ஆய்வறையில் ஒரு வழக்கம் உண்டு, சௌந்தரராஜன் கொண்டுவந்ததே. நனைத்த பட்டைகளுக்கு நடுவே நனைக்காத பட்டை ஒன்றைச் செருகி வைப்பார். அதை முகர்கிறவர் "மணம் இல்லை" என்று எழுத வேண்டும். மல்லிகை, தேன் என்று கதை விட்டால் அன்றைக்கே கணக்குத் தீர்ந்தது. மூக்கு பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி இரண்டு பேரை அப்படி வெளியே அனுப்பியிருக்கிறார். பொற்கொடிக்கு அது ஞாபகம் வந்தது.

நானூற்றுப் பதிமூன்றாவது, காபி பிஸ்கட்டுக்குப் போகிற சரக்கு. ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்தால் வறுத்த காபிக்கொட்டை மணக்கும். கரைக்காமல் திறந்தால் செத்த எலியும் கேஸ் கசிவும் சேர்ந்த நாற்றம். அவள் கரைக்கவில்லை. பட்டையை அப்படியே முக்கி, கண்ணாடிக் குழாயில் போட்டு இறுக்கி மூடினாள். தாளில் மூன்று வேளைக்கும் "மணம் இல்லை" என்று எழுதினாள். வேலை போகும் என்று தெரியும். போகட்டும் என்றுதான் எழுதினாள்.

சௌந்தரராஜன் மேஜையில் தாளை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு குழாயைத் திறந்து பட்டையை நீட்டினாள். அவர் வாங்கி மூக்குக்குக் கீழே ஆட்டினார். கண்ணை மூடினார். "ம்ம்" என்றார். பிறகு தாளைப் பார்த்தார். மணம் இல்லை என்று இங்கிலீஷில் எழுதி, கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் நிறுத்தி ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்டால் தனக்கு மணம் தெரியவில்லை என்பது வெளியாகிவிடுமே, அவர் கேட்கவில்லை.

வராந்தாவில் யாரோ இருமினார்கள். ஜன்னல்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. அச்சுத்தாள்களோடு வந்த கங்கப்பன் வாசலிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "இன்னாய்யா இது, எது செத்துக் கெடக்குது இங்க?"

சௌந்தரராஜன் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார். பட்டை இன்னும் அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது. கங்கப்பன் அந்தப் பட்டையைப் பார்த்தார், மேஜையிலிருந்த தாளை எடுத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு வாசனையே இல்லைன்னு போட்டிருக்குது. யாரு பாத்தது?"

சௌந்தரராஜன் முகம் வெளிறிப்போய் பொற்கொடி பக்கம் திரும்பினார். இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவர் கண் அவளிடம் கெஞ்சியது. அவளுக்கு மனம் இளகவில்லை.

"மணம் பாத்தவுக பேரு கீழ இருக்கு சார்" என்றாள்.