வாலில் பதின்மூன்று முள்

இப்போதும் தலை வாரச் சீப்பை எடுத்தால் பல்லை எண்ணுகிறேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அதற்கு மேல் முடியாமல் வைத்துவிடுகிறேன்.

படூரில் வீடு, பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. என் பிழைப்பு ஒரு பூச்சி. பூச்சி என்றால் என் துறைக்காரர்கள் அடிக்க வருவார்கள். இறால், நண்டுக்கெல்லாம் அது சொந்தம். ஆழ்கடல் தரையில் ஊரும், உள்ளங்கையைவிடப் பெரிசு, பதினாலு கால். மாமல்லபுரத்து மீனவர்கள் கடல் கரப்பான் என்பார்கள். வால் ஓரத்து முள்ளை எண்ணித்தான் நாங்கள் இனம் பிரிப்போம்.

மாமல்லபுரம் குப்பத்து மீனவர் ஒருவர் எனக்கு அவற்றைக் கொண்டுவருவார். தூண்டில் இரையில் ஒட்டிக்கொண்டு வந்ததை வாளியில் போட்டு, பைக்கிலேயே வந்துவிடுவார்.

"எங்க கிடைச்சுது அண்ணா?"

"கோவளத்துக்கு நேரா மேடம்." ஒரு சிரிப்பு.

எத்தனை வாளி வந்தாலும் அதே பதில், அதே சிரிப்பு. கோவளம் என்றால் மாமல்லபுரத்துக்கு வடக்கே. நான் லேபிளில் அப்படியே எழுதினேன்.

எங்களிடம் ஏற்கெனவே இருந்த தெற்குக் கடல் பூச்சிகளுக்கு முள் பதின்மூன்று. இவர் தந்தவற்றில் பெரும்பாலும் பதினொன்று. வடக்கே வேறு இனம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. புது இனத்துக்குப் பெயர் வைக்கப்போகிறேன் என்று வீட்டில் பாயசம் வேறு வைத்தேன். நடுநடுவே பன்னிரண்டும் பதின்மூன்றும் வரும். அவற்றைத் தனி பாட்டிலில் போட்டு, 'சந்தேகம்' என்று எழுதி, அலமாரிக்குள் தள்ளிவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் கரை திரும்பவில்லை. மறுநாள் காலையில் அவர் மனைவி போன் செய்தாள்.

"யக்கா, அது எங்க போவும்னு எங்க யாருக்கும் தெரியாது. நீங்க எயுதி வெச்சிகீறீங்களாமே?"

எழுதி வைத்திருந்தேனே! ஆறு லேபிள், தேதியோடு. படமெடுத்து அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது, பாவி எனக்கு. குப்பத்துப் படகெல்லாம் கோவளத்துக்கு நேராகப் போயின. இரண்டு நாள் தேடின.

மூன்றாம் நாள் ரொம்பத் தெற்கே, கவிழ்ந்த படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய தம்பி வந்தான். படகுக்குப் பக்கத்தில் மிதந்த அண்ணனின் தூண்டில் கயிற்றை இழுத்தபோது இரையில் இருந்தவையாம். இத்தனை நாள் ஐஸில் வைத்திருந்து, அதே வாளியில் கொண்டுவந்திருந்தான். எண்ணினேன். பதினொன்று, பதின்மூன்று, பன்னிரண்டு, மறுபடி பதினொன்று. ஒரே கயிறு, ஒரே இடம், ஒரே இனம். என் 'சந்தேகம்' பாட்டில் இதைத்தான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மீன் கீற எடத்தை எவன் மேடம் சொல்லுவான்? வடக்கன்னு சொன்னா தெக்கன்னு எடுத்துக்கணும். பொண்டாட்டிகிட்டகூட சொல்ல மாட்டோம்," என்றான்.

"இது தெரிஞ்சுமா வடக்கே போனீங்க?"

"நீங்க எயுதி வெச்சிருந்தீங்களே மேடம். படிச்சவங்க எயுதினா கரெக்டா இருக்கும்னு நெனச்சிட்டோம்."

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

போகும்போது கேட்டேன், இது சரியாக எந்த இடம் என்று. வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினான். "தெக்கால," என்றான், அவ்வளவுதான். அண்ணன் சிரிப்பு அப்படியே இருந்தது. லேபிள் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தேன்.

போன வாரம் மாமல்லபுரம் மார்க்கெட்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ஒளிந்துகொள்ளலாமா என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"யக்கா, அந்தப் பூச்சி எங்க கீதுன்னு இப்பயாச்சும் சரியா எயுதிட்டீங்களா?"

எழுதிவிட்டேன் என்றேன். பொய். லேபிளில் இடத்துக்கான கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.