ஆயிரம் யார்டுக்கு இரண்டு குறைவு

அந்த சீசனில் எங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணி பதினோரு ஆட்டம் ஆடி ஒன்றில் ஜெயித்தது. அதுவும் எதிரணி வந்த பஸ் வழியில் நின்றுபோய், அவர்கள் சாப்பிடாமல் நேராக மைதானத்தில் இறங்கிய நாளில். பதினோரு ஆட்டத்தையும் ஒன்று விடாமல் பார்த்தவர்கள் மிகச் சிலர். பார்த்ததோடு நிற்காமல், பென்சிலும் கையுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வைத்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

டெக்சாஸில் ஃப்ரீவேயை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த சிறிய ஊர் அது. சிவில் இன்ஜினியரிங்கில் மாஸ்டர்ஸ் படிக்கப் போயிருந்தேன். வளாகத்துக்குள் ஏதாவது வேலை கிடைக்குமா என்று விளையாட்டு அலுவலகத்தில் கேட்டபோது, அங்கிருந்த மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தியாவா? அப்ப கணக்கு நல்லா வருமே."

பிளஸ் டூவில் கணக்கு எனக்கு எப்படி வந்தது என்பதை அவரிடம் சொல்லும் அவசியம் எனக்குத் தோன்றவில்லை. அணியின் ஆட்டக் கணக்கை எழுதும் ஆளாக அன்றே நியமனம் ஆனேன். ஆட்டம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

என் அறைத்தோழன் நாகர்கோவில்காரன். எனக்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டதால் அமெரிக்காவைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடம் நடத்தினான்.

"கபடி தெரியும்லா மக்கா? அதையே ஒரு பந்தை வச்சுக்கிட்டு ஆடுகானுவ. நாலு சான்ஸ். அதுக்குள்ள பத்து யார்டு முன்னால போணும். போகலைன்னா பந்து அவனுவளுக்கு."

"கபடி கபடின்னு சொல்லணுமா?"

"வேண்டாம். அதுக்குப் பதிலா பேண்டு வாசிப்பானுவ."

"நம்ம காலேஜ் டீம் எப்படிடா?"

கத்தியை நிறுத்தி யோசித்தான். "பேண்டு நல்லாருக்கும்," என்றான்.

அவன் சொன்னது எள்ளளவும் பொய்யில்லை. இடைவேளையில் பேண்டு வாசித்து முடித்ததும் பாதிக் கூட்டம் திருப்தியாக எழுந்து வீட்டுக்குப் போய்விடும். மீதிப் பாதி, கார் நிறுத்துமிடத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்ததால் உள்ளேயே வந்திருக்காது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர், "இன்னிக்கு நிறைய கத்துக்கிட்டோம்," என்று பேட்டி கொடுப்பார். அக்டோபருக்குள் அணியே முனைவர் பட்டம் வாங்கும் அளவுக்குக் கற்றிருந்தது.

அந்த அணியில் உருப்படியாக ஆடியவன் ஒருவன்தான். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் குவார்ட்டர்பேக் கொடுக்கும் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. சிவில் இன்ஜினியரிங் இளங்கலை மாணவன் என்பதால் என் ஆராய்ச்சி நடந்த கான்கிரீட் ஆய்வகத்துக்கும் வருவான். எடையில் என்னைப் போல் இரண்டு மடங்கு இருப்பான். டெக்சாஸ் வளர்ப்பு, என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். திங்கட்கிழமை உடம்பெல்லாம் கன்றிப்போய் வந்து, கான்கிரீட் உருளையை இயந்திரத்தில் வைத்து அது எத்தனை பாரத்தில் நொறுங்குகிறது என்று பொறுமையாகக் குறித்துக்கொள்வான்.

நவம்பரில் ஊர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. ஒரே சீசனில் ஆயிரம் யார்டு ஓடிய ஆட்டக்காரன் எங்கள் கல்லூரியில் அதுவரை கிடையாது. இவன் அதை நெருங்கிக்கொண்டிருந்தான். ஜெயிக்க வழியில்லாத ஊருக்கு இது போதுமானதாக இருந்தது. முடிதிருத்தகத்தில்கூட என்னை நிறுத்தி, இன்னும் எத்தனை யார்டு பாக்கி என்று கேட்டார்கள்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தோம். மூன்றாம் பகுதியில் அவன் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடி விழுந்தான். கூட்டிப் பார்த்தேன்: ஆயிரத்து ஒன்று. மேலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அந்த சீசனில் முதன்முறையாக, பேண்டுக்கு அல்லாமல் ஆட்டத்துக்காகக் கூட்டம் எழுந்து நின்றது. பயிற்சியாளர் அவனை வெளியே உட்காரவைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் கற்றுக்கொள்வதை நிறுத்தாத மனிதர். கடைசி நிமிடத்தில், இன்னொரு முறை கைதட்டல் வாங்கட்டும் என்று அவனை உள்ளே அனுப்பி, பந்தையும் அவனிடமே கொடுக்கச் சொன்னார்.

புறப்பட்ட இடத்துக்கு மூன்று யார்டு பின்னால் அவனைப் பிடித்து அமுக்கினார்கள். இந்த ஆட்டத்தில் பின்னால் விழுந்தால், விழுந்த தூரம் ஓடிய தூரத்தில் கழியும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

மேலாளர் நான் கணக்கெழுதும் மாடத்துக்கு ஏறி, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கீழே கேக் வெட்டத் தயாராக இருந்தது.

"அந்தக் கடைசிப் பந்து அவன் கைக்கே வரலையே. குவார்ட்டர்பேக்தான் நழுவ விட்டான். நல்லா ஞாபகப்படுத்திப் பார்."

பந்து அவன் கைக்கு வந்ததை அந்த மைதானமே பார்த்திருந்தது. குவார்ட்டர்பேக் அந்த வருடம் எத்தனையோ பந்தை நழுவ விட்டிருக்கிறான், அந்த ஒன்றைத் தவிர. எதிர்த்துப் பேசினால் வேலை போகும், வேலை போனால் விசா போகும் என்றெல்லாம் என் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. கணக்கு நல்லாத்தான் வந்தது. அழித்துவிட்டு, மூன்று யார்டையும் குவார்ட்டர்பேக் தலையில் எழுதினேன்.

வீட்டில் சொன்னேன். நாகர்கோவில்காரன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விடுடே. உனக்கென்ன, நீயா ஓடுன?" என்றான். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு ருசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆய்வகத்தில், மற்றவர்கள் போனபின் அவன் என் மேசைக்கு வந்தான்.

"சார், எங்க அப்பா ஸ்டாண்ட்ல உட்கார்ந்து அவர் பாட்டுக்கு எழுதிட்டே இருப்பார். அவர் கணக்குல தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு வருது. நீங்க என்ன எழுதினீங்க?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் நடந்ததைத்தான் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கையிலிருந்த சிமெண்ட் தூசியைத் துடைத்துக்கொண்டான்.

"மாத்திடுங்க சார். குவார்ட்டர்பேக் ஏற்கனவே ஊர்ல தலை காட்ட முடியாம இருக்கான். என்னோடதையும் சேர்த்து அவன்மேல போட வேணாம்."

"உனக்கு வருத்தமா இல்லையா? ரெண்டே யார்டு."

"பத்து மேட்ச் தோத்திருக்கேன் சார்," என்றான்.

மேலாளரிடம் போய், ஞாபகப்படுத்திப் பார்த்ததில் தவறு செய்துவிட்டேன் என்றேன். கணக்கு நல்லா வரும் என்று எடுத்த ஆள் இப்படிக் கணக்குப் பார்ப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் திருத்திய தாளில் கையெழுத்துப் போட்டார். ஆயிரத்து ஒன்று என்று பொறித்த கேடயம் மட்டும் அதற்குள் தயாராகி, அலுவலகத் தாழ்வாரத்தில் மாட்டியாகிவிட்டது. அதைக் கழற்ற யாரும் முன்வரவில்லை. பதிவேட்டில் ஒரு எண், சுவரில் ஒரு எண் என்று இரண்டும் நிம்மதியாக இருந்தன. பயிற்சியாளரைத்தான் கழற்றினார்கள். என் வேலையை அடுத்த சீசனில் ஒரு கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது.

சில வருடம் முன்பு, சான் ஹோசேயில் வீட்டில் இதை என் மகளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் தமிழில் கேட்டுவிட்டு, "சோ யூ சீட்டட், அப்பா," என்று ஆங்கிலத்தில் தீர்ப்பு சொன்னாள். இரண்டு நாள் மட்டும்தான் என்றேன். அவள் கணக்கில் அதெல்லாம் கழியாதாம்.

அந்த ஆட்டக்காரனைக் கடைசியாகப் பார்த்தது பட்டமளிப்பு விழாவில். அங்கியில் தோள் நுழையாமல் தவித்துக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் தன் அப்பாவிடம் இழுத்துப்போனான். இவனுக்கே அப்பா என்று சொல்லத்தக்க உருவம்.

"என் பையனோட மூணு யார்டை வெட்டினது நீங்கதானா?" என்று கையைப் பிடித்தார். பிடி விடவில்லை. எலும்பு நொறுங்க எத்தனை பாரம் வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, மறுபடி சரிபார்த்ததில் மூன்றாவது ஆட்டத்தில் அவரும் நானும் ஒரு யார்டு கூடுதலாகப் போட்டிருப்பதாகக் காட்டினார்.