மல்காஸ் வாயைத் திறக்காத ஆட்டம்

என் தம்பி மல்காஸ் அடித்த முதல் கோலை நான் பார்க்கவில்லை, கேட்டேன். அவனுக்கு அப்போது பதினோரு வயது. நான் ஏழு வயது மூத்தவள். தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடை போடும் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது. தராசு முள் நிற்பதற்காகக் காத்திருந்தபோது பள்ளி மைதானத்திலிருந்து "கோல்!" என்று ஒரு கத்தல் வந்தது. இடையில் ஒரு ஆறு, ஒரு ரயில் பாதை, ஓடிக்கொண்டிருந்த மூன்று இயந்திரங்கள். அத்தனையையும் தாண்டி வந்தது. பக்கத்தில் நின்றவள், "லமாரா, உங்க வீட்டுல யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

ஜார்ஜியாவில் எங்கள் குரியாப் பகுதிக்காரர்களுக்கு வாய் ஓயாது என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். எங்களுக்கே மல்காஸின் வாய் அதிகம்.

பதினெட்டு வயதில் எங்கள் ஊர் 'தேயிலை' அணியில் முன்னணி ஆட்டக்காரன் ஆனான். பந்து வருமுன் "எனக்கு! எனக்கு!" என்று கத்துவான். கொடுத்தால் கோல். கொடுக்காவிட்டால் வீடுவரை திட்டு. சோவியத் உடைந்த பிறகு, தொண்ணூற்று மூன்றில் மின்சாரம் கிடையாது, பேருந்துக்கு டீசல் கிடையாது. வெளியூர் ஆட்டங்களுக்குக் ஹேசல் கொட்டை மூட்டை ஏற்றும் லாரியில் போனார்கள். அந்த ஆண்டு மட்டும் இருபத்திரண்டு கோல். 'தேயிலை' அணிக்காக அவன் அடித்தது மொத்தம் அறுபத்தெட்டு என்று ஒரு பத்திரிகை எழுதியது. தவறு. அறுபத்தொன்பது. மழையால் நின்று மறுநாள் தொடர்ந்த ஓர் ஆட்டத்தில் முதல் நாள் அடித்ததை விட்டுவிட்டார்கள். நான் நேரில் போய்த் திருத்தம் போட வைத்தேன்.

பிறகு கடலோர நகரமான பதூமியின் அணியில் நான்கு ஆண்டு, எல்லை தாண்டித் துருக்கியில் இரண்டு ஆண்டு. அவனுக்குத் துருக்கி மொழி வரவில்லை. கூட ஆடிய பத்துப் பேரும் 'எனக்கு' என்ற ஒரே ஒரு ஜார்ஜியச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். நாடு திரும்பி மறுபடி பதூமியில் ஆடினான். முப்பத்தொன்றாவது வயதில் வலது முழங்கால் போனது.

எங்கள் ஊரில் அவனைவிட உரக்கக் கத்திய ஆள் ஒருவர்தான் இருந்தார்: வலிகோ. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். வடக்குக் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி அவர் வீடு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தனக்கே கேட்க வேண்டும் என்று கத்துவார். மல்காஸ் கோல் அடித்ததும் அந்தப் பக்கம் ஓடி, இருவரும் வேலியின் இரு புறமும் நின்று ஒருவர் முகத்தில் ஒருவர் கத்துவார்கள்.

2018 மார்ச்சில் மல்காஸ் 'தேயிலை' அணிக்கே கோச் ஆனான். முழங்கால்தான் போயிருந்தது; தொண்டை அப்படியே இருந்தது. கோட்டோரம் நின்று ஒவ்வொரு உதைக்கும் கத்தினான். "இடது பக்கம்! திரும்பு! அடி! ஏன்டா அடிச்ச?" காவல் நிலையத்தில் உட்கார்ந்தபடியே ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று போலீஸ்காரர்களே சொன்னார்கள். ஆனால் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நவம்பரில் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் மூன்றாம் பிரிவில் நீடிக்கலாம். இல்லையென்றால் கீழே.

கழகத் தலைவர் ரோலண்ட் எங்கள் வீட்டுக்கே வந்து, நான் வைத்த சோளரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தொடாமல் சொன்னார்: "ஜெயிச்சா நீ இரு, மல்காஸ். டிரா ஆனாலும் சரி, தோத்தாலும் சரி, திங்கக்கிழமை விசிலைக் கொண்டுவந்து என் மேஜையில வச்சிடு."

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலை வலிகோ இறந்துபோனார்.

எங்கள் வழக்கப்படி சில நாள் வீட்டில் வைத்திருந்து, அடக்கம் திங்களன்று. ஆட்டம் ஞாயிறு. எல்லா ஊரிலும் கடைசிச் சுற்று ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று சொல்லி, லீக் அதிகாரிகள் தள்ளிவைக்க மறுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இறந்தவர் கிடத்தப்பட்டிருந்தால் அந்தத் தெருவில் வானொலிகூடப் பாடாது. இங்கோ சவப்பெட்டி இருக்கும் அறையின் ஜன்னல் கோல்போஸ்ட்டைப் பார்த்துத் திறந்திருந்தது.

மல்காஸ் துக்கம் கேட்கப் போனான். நானும் கூட இருந்தேன். வலிகோவின் மனைவி சியாலா அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மல்காஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அத்தை, ஞாயித்துக்கிழமை ஒரு சத்தம் கேக்காது. ஊரு வாய மூடிக்கும். நானும் மூடிக்குவேன். வலிகோ மாமா மேல சத்தியம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்தேன்.

"ஏன்டா, யோசிச்சுதான் சொன்னியா?"

"யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன் அக்கா."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு அறுநூறு பேர் வந்தார்கள். அந்த ஆண்டின் மிகப் பெரிய கூட்டம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கக்கேத்தியிலிருந்து வந்த எதிரணியின் ஆட்கள் ஒரு பேருந்து நிறைய, கையில் மத்தளத்தோடு இறங்கினார்கள். வாசலில் விஷயம் சொன்னதும் மத்தளத்தைப் பேருந்திலேயே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

விசில் ஒலித்தது. பந்து உதைபடும் சத்தம், பூட்ஸ் சேற்றில் பதியும் சத்தம், மூச்சு. வேறொன்றும் இல்லை. எங்கள் பையன்கள் பந்து கிடைத்ததும் கோட்டோரம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே மல்காஸ் கழுத்துத் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றான். முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது. இருபத்தெட்டாவது நிமிடத்தில் எங்கள் தடுப்பாளன் ஒருவன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு மல்காஸைப் பார்த்தான். அதற்குள் எதிரணி பந்தைப் பறித்துக் கோல் போட்டுவிட்டது. அடித்தவன்கூடக் கத்தவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சிலுவையிட்டுக்கொண்டு திரும்பி ஓடினான்.

இடைவேளையில் நான் வழக்கம்போல எலுமிச்சைத் துண்டும் தேநீரும் கொண்டுபோனேன். உடை மாற்றும் அறையிலும் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். கேப்டன் எல்கூஜா சுவரில் சாய்ந்திருந்தான்.

"கோச், உங்க சத்தம் இல்லாம காலே ஓட மாட்டேங்குது."

"நான் என்னடா பண்ண? சத்தியம் பண்ணிட்டேன்."

"அவங்க ரெண்டாம் நம்பர் இருக்கான்ல, அவனுக்கு இடது பக்கம் திரும்ப வராது. முதல் பத்து நிமிஷத்துலயே பார்த்துட்டேன்."

"பார்த்தவன் ஏன்டா சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"எட்டு மாசமா இப்படித்தானா? எதையாவது பார்த்தா என்கிட்ட சொல்லவே மாட்டியா?"

"எப்ப சொல்றது கோச்? நீங்க மூச்சு வாங்குற நேரத்துலயா?"

யாரோ ஒருவன் தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான். நான் மல்காஸைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது ஆள், பதினோரு வயதுப் பையன்போல விழித்துக்கொண்டு நின்றான். பிறகு எலுமிச்சைத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சரி. நீ பார்த்ததை நீயே செய். மத்தவங்களும் அப்படித்தான். என் பக்கம் திரும்புறவன் கழுத்தைத் திருகிடுவேன்" என்றான்.

இரண்டாம் பாதியில் ஒருவனும் கோட்டோரம் பார்க்கவில்லை. விரலால் காட்டினார்கள், கண்ணால் பேசினார்கள், முன்பே ஓடி இடம் பிடித்தார்கள். எல்லாப் பந்தும் அந்த ரெண்டாம் நம்பரின் இடது பக்கமே போனது. அறுபத்திரண்டாவது நிமிடத்தில் அவன் தடுக்கி விழுந்தான். பெனால்டி பெட்டிக்குள் புகுந்த எங்கள் பையன் தரையோடு உருட்டி விட்டான். ஒன்றுக்கு ஒன்று!

அறுநூறு பேர் எழுந்தார்கள். வாயெல்லாம் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஒருவர் தொப்பியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். ரோலண்ட் பக்கத்தில் இருந்த போலீஸ்காரரின் தோளைக் கடித்தார்; இதை அவர் மறுக்கிறார், ஆனால் நான் பார்த்தேன். மல்காஸ் முழங்கால் வலியை மறந்து கோட்டோரம் குட்டிக்கரணம் அடித்தான். என் கையில் இருந்த தட்டு நடுங்கி கிளாஸ்கள் கிணுகிணுத்தன. உடனே நாலு பேர் திரும்பி என்னை முறைத்தார்கள்.

எண்பது. எண்பத்தைந்து. டிரா போதாது. எல்கூஜா விரலைத் தூக்கி எல்லோரையும் முன்னால் வரச் சொன்னான். மல்காஸாக இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டான், பின்னால் ஆள் வை என்று கத்தியிருப்பான். அவன் வாய் திறக்கப் போனதைப் பார்த்தேன். துண்டை இன்னும் ஒரு சுற்று வாய்க்குள் திணித்துக்கொண்டான். எண்பத்தொன்பதாவது நிமிடம், வடக்குப் பக்கம், எல்கூஜா ரெண்டாம் நம்பரின் இடது பக்கம் போவதுபோல உடம்பைச் சாய்த்தான். ரெண்டாம் நம்பர் சரிந்தான். உதை. பந்து குறுக்குக் கம்பியின் அடியில் மோதி உள்ளே விழுந்தது!

எல்கூஜா வேலிவரை ஓடி அப்படியே நின்றான். அவனுக்குமேல் ஜன்னலில் சியாலா அத்தை, கறுப்பு முக்காடோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னடா அது, கம்பியில பட்ட சத்தம்? கோலா? யாருக்கு?"

எல்கூஜா தன் மார்பைத் தொட்டு விரலால் மட்டும் காட்டினான்.

"டேய் மல்காஸ்! வாயில என்ன சோளரொட்டி அடைச்சிருக்கா? நாற்பது வருஷம் என் காது கிழியக் கத்துன மனுஷன் இங்க படுத்திருக்காரு. நீங்க பூனை மாதிரி நடந்தா அவருக்கு எப்படிடா தெரியும் யாரு ஜெயிக்கிறதுன்னு?"

மல்காஸ் துண்டைத் துப்பினான். மைதானத்தின் முழு நீளத்துக்கும் நொண்டி நொண்டி ஓடினான். வேலியைப் பிடித்துக்கொண்டு, "கோல்! வலிகோ மாமா, நமக்கு! ரெண்டு ஒண்ணு!" என்று கத்தினான்.

அப்புறம் அறுநூறு பேரும் கத்தினார்கள். அடக்கி வைத்த கத்தலெல்லாம் ஒரேயடியாக வந்தது. கக்கேத்திக்காரர் ஒருவர் ஓடிப்போய் மத்தளத்தை எடுத்துவந்து எங்களுக்காக அடித்தார்.

இன்னும் நான்கு நிமிடம் கூடுதல் ஆட்டம் இருந்தது. சத்தியத்திலிருந்து விடுபட்டாயிற்று, இனி அவன் கத்தலாம். ஆனால் மல்காஸ் கோட்டோரம் திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பையன்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வாழ்நாளில் நான் பார்த்த மிகக் கடினமான வேலை அதுதான். கடைசி விசில் ஒலித்ததும் ரோலண்ட் வந்து அவன் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டு, "இது இங்கேயே தொங்கட்டும்" என்றார்.

மறுநாள் பத்திரிகை 'தொண்ணூறு நிமிட மௌனம்' என்று தலைப்புப் போட்டது. தவறு. எண்பத்தொன்பது.

ஆட்டம் முடிந்த சாயங்காலமே மல்காஸ் என்னையும் கூட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு வலிகோ வீட்டு மாடிக்குப் போனான். பெட்டியருகே குனிந்து, ஆட்டம் எப்படி நடந்தது என்று வலிகோவுக்கு மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தான். சியாலா அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"மெதுவாச் சொல்லாதடா. அவருக்குக் காது மந்தம்னு தெரியாதா?"

மல்காஸ் நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கினான். நான் நேரத்தை மட்டும் திருத்தினேன்.